முழங்கால் உயரம்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும்
கம்பிக்குக் கீழே பத்து மீற்றர் அகலம்.
கடதாசியில் போட்டிருக்கிறது:
சகல தாவரங்களும் தரைமட்டத்துக்கு.
கையெழுத்து, முத்திரை, திகதி.

நான் மெஷினைத் தோளில் மாட்டுகிறேன்.
பெற்றோல் மணம் இனி என் சட்டையை விட்டுப் போகாது.

இதற்கு முதல் ஆறு வருசம்
இதே தெருவோரத்தில் முழங்காலில் நின்றேன்.
ஒரு நாளைக்கு மூன்று சதுர மீற்றர்.
புல்லைக் கத்தரியால் தாள் தாளாக நறுக்கி
கருவியை நீட்டி
மண் என்ன சொல்கிறதென்று கேட்டு.
பூக்களை அப்போதுதான் கிட்டத்தில் கண்டேன்,
முகக்கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து.
தும்பை. மூக்குத்திப்பூ. நெருஞ்சி.
என் மூச்சு படிந்த கண்ணாடியில்
ஒரு கொசுத்தேனீ வந்திருந்து
கால் துடைத்துவிட்டு
வெட்டாத பக்கத்துக்குப் போனது.
அதன் பாரத்துக்கு எதுவும் வெடிக்காது.

இப்போது ஒரு நாளைக்கு எண்ணூறு மீற்றர்,
நிமிர்ந்து நின்று.
எது பூ எது புல் என்று
நூல் சுழலும் வேகத்தில் தெரிவதில்லை.

தை கடைசியில், கரிப்பட்டமுறிப்பில்
பூசணித் தோட்டத்துக்குள்ளிருந்து
ஞானசௌந்தரி கை காட்டி மறித்தாள்.
காதில் செருகியிருந்தது கோழி இறகு.
"இதாலதான் ஆண்பூவுக்கும் பெண்பூவுக்கும்
நான் தூது போறன்.
விடிய அஞ்சரைக்குத் தொடங்கினால்
பத்து மணிக்குப் பூ வாயை மூடியிடும்.
முந்நூறு பூ. ஒரு முதுகு.
போன வருசம் நீங்கள் வழிச்சுத் துடைச்ச பிறகு
ஒரு தேனீ எட்டிப் பார்க்கேல்லை."
பிஞ்சொன்றைத் திருப்பிக் காட்டினாள்:
ஒரு கன்னம் வீங்கி
மறு கன்னம் சூம்பி.

மெஷினை நிறுத்தி ஓவசியருக்குப் போன் எடுத்தேன்.
கம்பிக்குப் பகை பாலையும் இப்பிலும் வேம்பும்,
தும்பை எந்த வருசம் வயரைத் தொட்டது?
குலேந்திரராசா இருமினார்.
"தரைமட்டமெண்டு கிடக்கு, பிள்ளை."
"தரை எங்க தொடங்குதெண்டு
எனக்குச் சொல்லித் தராதேங்கோ."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

முடிவு இதுதான்:
மரக்கன்று எல்லாம் வெட்டு.
மற்றது முழங்கால் உயரம்.
இந்த வருசம் இடப்பக்கம், வாற வருசம் வலப்பக்கம்,
விதை கொட்டின பிறகு மட்டும்.
ஒப்பந்தகாரருக்கும் சந்தோசம்,
பெற்றோல் மிச்சம்.

ஆனால் தாரிலிருந்து முதல் நாலடி
வீதிக்காரருடையது.
அவர்கள் வேறு பெடியள், வேறு மெஷின், வேறு கடதாசி.
அதனால் ஒரு வேலை செய்தேன்.
வீட்டுக் கொட்டிலில் கிடந்த பழைய தடிகள்,
நுனியில் சிவப்பு.
இருபது மீற்றருக்கு ஒன்றாக நட்டேன்.

பெடியள் வந்தார்கள், பார்த்தார்கள்,
மெஷினை அணைத்தார்கள், போனார்கள்.
வன்னியில் சிவப்புக்கு அப்பால்
ஒருவரும் கால் வைப்பதில்லை.

அன்று பின்னேரம்
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்
தடியைக் கண்டு மறுகரைக்கு மாறி
தார் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக
கதைக்காமல் நடந்தார்கள்.
கடைசியாய்ப் போன சின்னவன்
முன்னால் போனவளின் கால் பட்ட இடத்திலேயே
தன் காலை வைத்தான்.

இருட்டுமுன் அத்தனையையும் பிடுங்கினேன்.
பொய்க்கும் அளவு இருக்கிறது.

அடுத்த நாள் திரும்ப நட்டேன்,
கத்தரிப்பூ நிறம் பூசி.
அந்த நிறத்துக்கு இங்கே
இன்னும் அர்த்தம் ஒன்றுமில்லை.
வீதிக்காரப் பெடியள் பாதியை வெட்டினார்கள்,
பாதியை ஏனோ விட்டார்கள்.

மாசி நடுவில் அந்த வழியால் போனேன்.
விட்ட பாதியில் தும்பை வெள்ளையாய்,
அதற்குள் ஒரு இரைச்சல்,
கம்பியின் இரைச்சலோ என்று
ஒருக்கால் மேலே பார்த்தேன்.

இறகு இப்போது ஞானசௌந்தரியின் காதில் இல்லை.
எறியவுமில்லை, வேலிக்கதியாலில் செருகியிருக்கிறாள்.
"வருகினம்," என்றாள்.
எத்தனை பேர் என்று சொல்லவில்லை.